தாண்டவராயன்: ஒரு பெயரின் தடம்

நீல் கெய்மன் தனியாக எழுதிய முதல் நாவல் 'நெவர்வேர்' (1996). லண்டன் சுரங்க ரயில் நிலையங்களின் பெயர்களே அதில் உயிர்பெறுகின்றன. ஏர்ல்ஸ் கோர்ட்டில் உண்மையாகவே ஒரு பிரபு தர்பார் நடத்துகிறார். ஏஞ்சல் என்ற நிலையப் பெயருக்குள் ஒரு தேவதூதன் இருக்கிறான். ஓசூரில் வாழும் பா. வெங்கடேசனின் முதல் நாவலுக்கும் பெயரிலேயே ஒரு வாசல் உண்டு. 2008இல் வெளியான அந்தப் பெருங்கதை திப்பு காலத்து மைசூருக்கும் இங்கிலாந்துக்கும் இடையே விரிகிறது. தலைப்பு, 'தாண்டவராயன் கதை'.

தாண்டவராயன் என்றால் ஆடலின் அரசன், தில்லைக் கூத்தன். தண்டு முனிவர் கற்பித்ததால் தாண்டவம் என்பது வடமொழி மரபு. தமிழில் 'தாண்டு' என்ற வினையோடு அதை இணைத்துப் பார்ப்போரும் உண்டு. அப்பர் பாடிய தாண்டகம் வேறு. அது பாவகையின் பெயர். ஒலி நெருக்கத்தை வைத்து இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது.

'ராயன்' வந்த வழி தெளிவானது. 'ராஜ' என்பதன் ஜகரம் பிராகிருதத்தில் தேய்ந்து 'ராய' ஆயிற்று. ரகரத்தில் சொல் தொடங்காத தமிழ், முன்னே அகரம் சேர்த்து அதை 'அரையன்' ஆக்கிக்கொண்டது. பழுவேட்டரையர், சம்புவரையர் என்ற சோழர் காலப் பெயர்களில் இருப்பது அதுதான். விஜயநகர ஆட்சி, கன்னடமும் தெலுங்கும் வழங்கிய 'ராயர்' என்ற வடிவைத் தமிழகமெங்கும் பரப்பியது. கிருஷ்ணகிரி மாவட்டத்து ராயக்கோட்டை அந்த வடிவை இன்றும் தாங்கி நிற்கிறது. மூன்றாம் மைசூர்ப் போரின்போது, 1791இல், கிழக்கிந்தியக் கம்பெனிப் படை பிடித்த கோட்டை அது.

இந்தப் பெயரைத் தாங்கியவர்கள் பலர். 'கைவல்ய நவநீதம்' இயற்றியவர் தாண்டவராய சுவாமிகள். பஞ்சதந்திரத்தைத் தமிழ் உரைநடையில் தந்தவர் தாண்டவராய முதலியார். வேலு நாச்சியாருக்காக ஹைதர் அலியிடம் படையுதவி கேட்டு எழுதியவர் சிவகங்கைப் பிரதானி தாண்டவராய பிள்ளை. வேதாந்தம், உரைநடை, அரசியல் என மூன்று துறைகளிலும் தமிழர் இப்பெயரை முழு உரிமையோடு சூடியிருக்கிறார்கள்.

ஆகவே 'ராயன்' தமிழா, கன்னடமா என்று வழக்காடுவது பயனற்றது. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் ஒரே தெருவில் புழங்கும் ஓசூருக்கு இது புதிய செய்தியும் அல்ல. 'ஹொச ஊரு', புதிய ஊர், என்ற அதன் பெயரே கன்னடம்தான். இங்கே ஏரிகளும் சிற்றூர்களும் தொழிற்பேட்டைகளின் மனை எண்களுக்குள் கரைந்து வருகின்றன. அவற்றின் பழம்பெயர்களை மூன்று மொழி உச்சரிப்போடும் இப்போதே பதிந்து வைக்க வேண்டும். நாளைய நாவலாசிரியனுக்கும் வரலாற்றாசிரியனுக்கும் அந்தப் பட்டியல்தான் மூலதனம்.