முறிந்த எலும்பு பொருந்தும் கதை



1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு எல்லோரும் இடம்பெயர்ந்தபோது எனக்கு 12 வயது. தென்மராட்சிக்குப் போகும் வழியில் சைக்கிளோடு விழுந்து முன்கை முறிந்தது. ஒரு பரியாரியார் எலும்பைப் பொருத்தி, புக்கை வைத்து, மூங்கில் கீற்றுகளால் கட்டிவிட்டார். தைப்பொங்கலுக்கு முன்னரே கை சுகமாகிவிட்டது.

பல வருடங்களுக்குப் பின் கலிபோர்னியாவில், ஃபிரீமொண்ட் வீட்டில், அம்மா வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்தது. நல்ல வைத்தியசாலை, நல்ல வைத்தியர்கள். ஆனால் 6 மாதமாகியும் எலும்பு பொருந்தவில்லை. அம்மாவுக்கு நெடுநாளாகச் சீனி வருத்தம். சீனிக்கும் முறிவுக்கும் என்ன தொடர்பு என்று தேடியபோது எனக்குக் கிடைத்த வரலாறே இன்றைய பேச்சு.

1965இல் லொஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மார்ஷல் யூரிஸ்ட் என்ற வைத்தியர் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டார். எலும்புத் துண்டிலிருந்து கல்சியத்தை அமிலத்தால் நீக்கி, அதை விலங்குகளின் தசைக்குள் வைத்தார். எலும்பே இல்லாத அந்த இடத்தில் புதிய எலும்பு முளைத்தது! செத்த எலும்பிலிருந்த ஏதோ ஒன்று, பக்கத்துக் கலங்களுக்கு "எலும்பாக மாறுங்கள்" என்று தகவல் சொல்லியிருக்கிறது.

அந்தத் தகவலைத் தேடியவர்களில் முக்கியமானவர், டெல்லியில் கலாநிதிப் பட்டம் பெற்று அமெரிக்கா வந்த ஹரி ரெட்டி. 1981இல் அவரும் சம்பத் என்ற ஆய்வாளரும் எலும்புத் தூளை இரண்டாகப் பிரித்தார்கள். கரைந்து வந்த புரதம் தனியே எலும்பை உண்டாக்கவில்லை. மிஞ்சிய சக்கையும் உண்டாக்கவில்லை. இரண்டையும் சேர்த்து வைத்தபோதுதான் எலும்பு வந்தது. விதை மட்டும் போதாது, நிலமும் வேண்டும் என்பது நம் கமக்காரருக்குத் தெரிந்த பாடம்தானே.

1988இல் இப்புரதங்களின் மரபணுக்கள் கண்டுபிடிக்கப்பட்டன. 2002இல் அவற்றில் ஒன்று முதுகெலும்புச் சத்திரசிகிச்சைக்கு அனுமதி பெற்றது. ஆனால் அதைக் கழுத்தெலும்பில் பயன்படுத்தியபோது சிலருக்கு வீக்கம் ஏற்பட்டு மூச்சுவிட முடியாமற் போனது. 2008இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. தகவல் இடம் மாறிப் போனாலும் ஆபத்து.

அப்படியானால் தகவலைக் கேட்பது யார்? நம் விரிகுடாப் பகுதியிலேயே, ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில், 2018இல் மனித எலும்பின் குருத்துக் கலத்தை அடையாளம் கண்டார்கள். எலும்பும் குருத்தெலும்பும் அதிலிருந்து பிறக்கின்றன. கொழுப்போ தசையோ பிறப்பதில்லை. அதற்கு முந்திய வருடம், 2017இல், அதே ஆய்வாளர்கள் சீனி வருத்தமுள்ள எலிகளைப் பார்த்தார்கள். முறிவின்போது இக்கலங்களைப் பெருகச் செய்யும் "இந்தியன் ஹெட்ஜ்ஹாக்" என்ற தகவற் புரதம் அவற்றில் குறைந்திருந்தது. முறிந்த இடத்தில் அதை வைத்தபோது எலும்பு நன்றாகப் பொருந்தியது. எலியில் கண்டது மனிதருக்கு இன்னும் மருந்தாகவில்லை. ஆனாலும் அம்மாவின் கால் ஏன் தாமதித்தது என்பது எனக்கு அன்று ஓரளவு விளங்கியது.

அந்த நாட்களில் தெரிந்தவர் ஒருவர் தனியார் சிகிச்சை நிலையம் ஒன்றைச் சொன்னார். "ஸ்டெம் செல் ஊசி, சில ஆயிரம் டொலர்தான், உடனே பொருந்தும்" என்றார். நானும் காசோலைப் புத்தகத்தை எடுத்துவிட்டேன். நல்ல காலம், முதலில் அம்மாவின் வைத்தியரிடம் கேட்டேன். எலும்பு முறிவுக்கோ முழங்கால் தேய்வுக்கோ அப்படி எந்த ஊசிக்கும் நிர்வாகம் அங்கீகாரம் கொடுக்கவில்லை என்றார். இன்றும் நிலைமை அதுதான். கலம், தகவல், நிலம் மூன்றும் பொருந்தாமல் எலும்பு பொருந்தாது என்பதைத்தான் இத்தனை வருட வரலாறும் சொல்கிறது.

அம்மா சோற்றைக் குறைத்தார், குளிசையை நேரத்துக்கு எடுத்தார், சீனி இறங்கியது. 10ஆம் மாதம் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, "பரியாரியார் அப்பவே பத்தியம் சொன்னவர்" என்றார்.

உங்கள் வீட்டிலும் சீனி வருத்தத்தோடு வயதானவர்கள் இருப்பார்கள். அடுத்த முறை வைத்தியரிடம் போகும்போது அவர்களின் எலும்பைப் பற்றியும் ஒரு வார்த்தை கேளுங்கள்.