ஆமா, இல்லையா: ஜாவாவில் ஒரு கேள்வி நடந்து வந்த வழி

பள்ளி இலக்கணத்தில் எழுவாய், பயனிலை என்று படித்திருப்போம். ‘கோபுரம் உயரமானது’ என்பதில் கோபுரத்தை உருவிவிட்டால் ‘…உயரமானது’ மட்டும் மிஞ்சும். அந்த இடத்தில் தென்னையை வைத்தால் வாக்கியம் உண்மை. எறும்பை வைத்தால் பொய். 1879இல் ஜெர்மானியக் கணித அறிஞர் காட்லோப் ஃபிரேகே வாக்கியத்தை இப்படித்தான் பிரித்தார்: வெற்றிடம் உள்ள ஒரு சார்பு, அதை நிரப்பும் ஒரு பொருள். புரோகிராமர்கள் ‘பிரெடிகேட்’ என்று சொல்வது அந்த வம்சத்துப் பிள்ளை. ஒரு மதிப்பைக் கொடுத்தால் ‘ட்ரூ’ அல்லது ‘ஃபால்ஸ்’ என்று பதில் தரும், அவ்வளவே.

1958இல் எம்.ஐ.டி.யில் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழியைத் தொடங்கியபோதே, ஒரு ஃபங்ஷனை இன்னொரு ஃபங்ஷன் கையில் கொடுத்தனுப்ப முடிந்தது. ஆமா, இல்லையா என்று சொல்லும் ஃபங்ஷன்களின் பெயரில் ‘பி’ என்ற வால் ஒட்டிக்கொள்ளும்: ‘நம்பர்பி’ என்றால் ‘இது எண்ணா?’ சாப்பாட்டு வேளையில் ‘ஃபுட்-பி?’ என்று கேட்குமளவுக்கு அந்த வால் லிஸ்ப்காரர்களின் பேச்சிலும் ஏறிவிட்டது.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1995இல் வெளியிட்ட ஜாவாவில் அந்தச் சுதந்திரம் இல்லை. அங்கே எல்லாமே கிளாஸுக்குள்தான் குடியிருக்க வேண்டும். ஃபங்ஷன் தனியாக வெளியே தலைகாட்ட முடியாது. ஒரு ஃபோல்டரில் ‘.டிஎக்ஸ்டி’ என்று முடியும் ஃபைல்களை மட்டும் பொறுக்க வேண்டுமா? அதற்கு 1996இல் வந்த முதல் பதிப்பிலேயே ‘ஃபைல்நேம்ஃபில்டர்’ என்ற இன்டர்ஃபேஸ் இருந்தது. உள்ளே ‘அக்செப்ட்’ என்ற ஒரே மெத்தட். ஆனால் அதைப் பயன்படுத்தத் தனி கிளாஸ் எழுத வேண்டும். 1997இல் ஜாவா 1.1 பெயரில்லாத கிளாஸ்களைக் கொண்டுவந்த பிறகும், ‘நியூ’ போட்டு, அடைப்புக்குறி திறந்து, ‘பப்ளிக் பூலியன்’ எழுதி, மூடி… கேள்வி ஒரு வரி, அதைச் சுற்றிய சடங்கு நாலு வரி. முகூர்த்தத்தைவிடப் பந்தல் வேலைதான் அதிகம்.

பொறுமையிழந்தவர்கள் தங்கள் லைப்ரரிகளில் ஆளுக்கொரு வழி செய்துகொண்டார்கள். அப்பாச்சி காமன்ஸ் கலெக்‌ஷன்ஸிலும் ஒரு ‘பிரெடிகேட்’, கூகுளின் குவாவாவிலும் ஒரு ‘பிரெடிகேட்’. முதலாவதில் மெத்தட்டின் பெயர் ‘எவாலுவேட்’, அடுத்ததில் ‘அப்ளை’. கேட்பது ஒரே கேள்வி. ஆனாலும் ஒன்றை எழுதி மற்றதன் கையில் கொடுக்க முடியாது.

இதற்கிடையே மொழியிலேயே லாம்டாவை, அதாவது பெயரில்லாத குட்டி ஃபங்ஷனை, சேர்க்கலாமா என்ற வாக்குவாதம் 2006 முதல் சூடுபிடித்தது. நீல் கேஃப்டர் குழுவினர் ஃபங்ஷனுக்கென்றே புதிய வகை வேண்டும் என்றார்கள். ஜோஷுவா பிளாக் தரப்பு, பெயரில்லாத கிளாஸ்களைச் சுருக்கி எழுத வழி செய்தாலே போதும் என்றது. சன் நிறுவனம் 2010இல் ஆரக்கிள் கைக்குப் போனது. கடைசியில் பிரையன் கோட்ஸ் தலைமையில் வேலை முடிந்து, 2014 மார்ச்சில் ஜாவா 8 வெளிவந்தது.

புதிய வகை எதுவும் வரவில்லை. ஒரே ஒரு அப்ஸ்ட்ராக்ட் மெத்தட் உள்ள எந்த இன்டர்ஃபேஸும் இனி ‘ஃபங்ஷனல் இன்டர்ஃபேஸ்’; லாம்டா அதில் போய் உட்காரும். கெட்டிக்காரத்தனம் இங்கேதான் இருக்கிறது. 1996இன் ஃபைல்நேம்ஃபில்டர், தன் ‘அக்செப்ட்’ மெத்தட் மாறாமலே 2014இன் லாம்டாவை ஏற்றுக்கொண்டது.

கூடவே 43 ஆயத்த இன்டர்ஃபேஸ்கள் வந்தன. அவற்றில் ‘பிரெடிகேட்’டின் மெத்தட் பெயர் ‘டெஸ்ட்’. வயது வந்தவரா என்று பார்க்க இவ்வளவு போதும்:

வயது -> வயது >= 18

இது விளக்கத்துக்காகத் தமிழாக்கியது அல்ல, ஜாவா அப்படியே ஏற்கும் வரி. யூனிகோட் பெயர்களை அந்த மொழி ஆரம்பம் முதலே அனுமதிக்கிறது. இங்கே மதிப்பு வெறும் முழு எண் என்பதால் ‘இன்ட்பிரெடிகேட்’ பொருத்தம். ஒவ்வொரு எண்ணையும் ஆப்ஜெக்ட் பெட்டிக்குள் அடைக்கும் செலவு மிச்சம்.

லிஸ்ட்டிலிருந்து வேண்டாததை நீக்குவதும் எளிதானது. முன்பு ஃபார் லூப்புக்குள் நேரடியாக நீக்கப்போய் எர்ரர் வாங்காத புதியவர் குறைவு. இப்போது ‘ரிமூவ்இஃப்’புக்கு ஒரு பிரெடிகேட்டைக் கொடுத்தால் முடிந்தது. ‘அண்ட்’, ‘ஆர்’, ‘நெகேட்’ கொண்டு இரண்டு கேள்விகளைக் கோக்கவும் புரட்டவும் முடியும். ‘அண்ட்’டில் முதல் கேள்விக்கே ‘இல்லை’ என்று பதில் வந்தால், இரண்டாவதை ஜாவா கேட்பதே இல்லை.

ஒரு குறை மட்டும் தங்கியது. ‘ஸ்ட்ரிங் காலியா?’ என்ற மெத்தட்டை இரட்டை முக்காற்புள்ளி போட்டு அப்படியே அனுப்பலாம்; ‘காலி இல்லையா?’ என்று அதே சுருக்கத்தில் கேட்க வழியில்லை, முழு லாம்டாவாக எழுத வேண்டும். 2018 செப்டம்பரில் ஜாவா 11 அதற்காக ‘நாட்’ என்ற ஒரு ஸ்டாட்டிக் மெத்தட்டைச் சேர்த்தது.