விஷியஸ்

'விஷியஸ்' பிரிட்டனின் ஐடிவி அலைவரிசையில் 2013 முதல் 2016 வரை ஒளிபரப்பான நகைச்சுவைத் தொடர். ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தி, அத்தனை காலமும் வாய்ச்சண்டை போட்டும் அலுக்காத இரண்டு முதிய தன்பாலீர்ப்பு ஆண்களின் கதை. ஃப்ரெடி தார்ன்ஹில்லாக இயன் மெக்கெல்லனும் ஸ்டூவர்ட் பிக்ஸ்பியாக டெரக் ஜாக்கபியும் நடித்தனர். தலைப்புக்குக் கொடிய, நஞ்சு நிறைந்த என்று பொருள். நம் ஊரில் 'தேள்கொடுக்கு வாய்' என்போமே, அந்த ரகம்.

தொடரை உருவாக்கியவர்கள் அமெரிக்க எழுத்தாளர் கேரி ஜனெட்டியும் பிரிட்டிஷ் நாடகாசிரியர் மார்க் ரேவன்ஹில்லும். ஜனெட்டி ஏற்கெனவே 'வில் அண்ட் கிரேஸ்' தொடருக்கு எழுதியவர். முதல் பகுதி 2013 ஏப்ரல் 29 அன்று தொடங்கியது. அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் சிறப்புப் பகுதி, 2015இல் இரண்டாம் பருவம், 2016இல் நிறைவுப் பகுதி என மொத்தம் 14 பகுதிகள். அமெரிக்காவில் பிபிஎஸ் அலைவரிசை 2014 முதல் ஒளிபரப்பியது.

கதையும் மாந்தரும்

லண்டனின் கோவன்ட் கார்டன் பகுதியில் ஒரு பழைய அடுக்ககம். கதை பெரும்பாலும் அதன் வரவேற்பறையை விட்டு நகர்வதில்லை. சபா நாடகம் பார்த்துப் பழகிய நம்மவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது: நடுவில் ஒரு சோபா, ஓரமாக ஒரு கதவு, அதன் வழியே ஆட்கள் வருவதும் போவதும். பார்வையாளர்கள் முன்னிலையில் படமாக்கியதால் சிரிப்பொலியும் கூடவே வரும்.

ஃப்ரெடி ஒரு நடிகர். சொல்லிக்கொள்ளும்படியான வேடம் ஒன்றும் கிடைத்ததில்லை. ஆனால் ஊரே தன்னைத் தேடுவதாக நினைப்பு. ஸ்டூவர்ட் இளமையில் மதுக்கடையில் வேலை பார்த்தவர். பிறகு ஃப்ரெடிக்கு வீடு நடத்துவதே வேலையாகிவிட்டது. ஒருவர் வயதை மற்றவர் குத்திக்காட்டுவார். அவர் தோற்றத்தை இவர் இடித்துரைப்பார். யாராவது மூன்றாம் ஆள் இவர்களில் ஒருவரைக் குறை சொன்னால் மட்டும் இருவரும் ஒரே கட்சி. தோழி வயலட்டாக ஃபிரான்சிஸ் டி லா டூர், மாடிவீட்டுக்குக் குடிவரும் இளைஞன் ஆஷாக இவான் ரியான், நினைவு தப்பிப் பேசும் பெனலோபியாக மார்சியா வாரன், அலட்டிக்கொள்ளாத மேசனாக ஃபிலிப் வாஸ். பால்தசார் என்றொரு கிழட்டு நாயும் உண்டு. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரில் கொடியவனாகப் பார்த்தவர்களுக்கு இவான் ரியானை அப்பாவிப் பையனாக ஏற்க முதலில் கொஞ்சம் சிரமமாக இருக்கும்.

ஸ்டூவர்ட்டின் தாய் இன்னும் உயிரோடு இருக்கிறார். அடிக்கடி தொலைபேசியில் அழைப்பார். ஏறத்தாழ ஐம்பது வருடமாகக் கூட வாழ்பவர் யார் என்று மகன் அவரிடம் நெடுங்காலம் சொல்லவில்லை. வேடிக்கையாக வந்துபோகும் இந்தச் சரடுதான், என் கணிப்பில், தொடரின் மிகத் துயரமான இடம்.

திரைச்சீலை

அந்த வீட்டின் சன்னல் திரைகள் எப்போதும் மூடியே கிடக்கும். யாராவது விலக்கி வெளிச்சம் விட்டால் இருவரும் துடித்துப் போவார்கள். தொடர் முழுக்க வரும் சிரிப்பு இது. ஆனால் ஆண்டைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் அதன் அடியில் வேறொன்று தெரியும். 2013இல் இருவரும் சேர்ந்து 48 ஆண்டுகள் என்கிறது கதை. அப்படியானால் தொடக்கம் 1965. இங்கிலாந்திலும் வேல்சிலும் 21 வயது நிரம்பிய இரு ஆண்கள் தனிமையில் கூடுவது குற்றமல்ல என்று சட்டம் வந்தது 1967 ஜூலையில். ஆக, இவர்கள் குடித்தனம் தொடங்கியபோது சிறைக்குப் போகவேண்டிய குற்றவாளிகள். திரையை மூடி வைக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தொடர் விளக்குவதில்லை, விளக்காததே நல்லது.

சட்டம் இவர்களைத் துரத்தியபடியே வந்தது எனலாம். முதல் பருவம் முடிந்த சில வாரங்களில், 2013 ஜூலை 17 அன்று, இங்கிலாந்து, வேல்ஸ் தன்பால் திருமணச் சட்டம் ஒப்புதல் பெற்றது. 2014 மார்ச் 29 முதல் திருமணங்கள் நடந்தன. இரண்டாம் பருவம் ஃப்ரெடி, ஸ்டூவர்ட் கல்யாணத்தோடு முடிகிறது.

நடித்தவர்களின் வாழ்க்கையும் இதே காலத்தைச் சேர்ந்ததுதான். 1938இல் பிறந்த ஜாக்கபியும் 1939இல் பிறந்த மெக்கெல்லனும் கேம்பிரிட்ஜில் ஒன்றாகப் படித்தவர்கள். அந்நாளில் ஜாக்கபி மீது தமக்கு ஓர் ஈர்ப்பு இருந்ததை மெக்கெல்லன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலீர்ப்பை ஆதரித்துப் பேசுவதைத் தடுத்த 28ஆம் பிரிவு 1988இல் விவாதத்தில் இருந்தபோது, பிபிசி வானொலியில் தம்மைப் பற்றி வெளிப்படையாக அறிவித்தவர் அவர்.

வரவேற்பு

முதல் பகுதியை 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தனர். விமர்சகர்கள் இரண்டுபட்டார்கள். எழுபதுகளின் பழம்பாணி, உரக்கப் பேசும் நடிப்பு, 'கிழட்டு ராணிகள்' (பெண்சாயல் காட்டும் முதிய தன்பாலீர்ப்பாளர்கள்) என்ற தேய்ந்த அச்சு என்பவை குற்றச்சாட்டுகள். நியாயம் இல்லாமலில்லை, முதல் சில பகுதிகளில் வசைக்கு வசை என்பதைத் தாண்டி எதுவும் நகர்வதில்லை. எனினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். சண்டைக்காரக் கணவன் மனைவியை வைத்து எத்தனையோ தொடர்கள் வந்தபோது யாரும் அதைக் கணவன் மனைவி இனத்துக்கே இழுக்கு என்று சொல்லவில்லை. 1969இல் ரிச்சர்ட் பர்ட்டனும் ரெக்ஸ் ஹாரிசனும் இத்தகைய ஓர் ஆண் இணையாக நடித்த 'ஸ்டேர்கேஸ்' படத்தில் கசப்பே மிகுதி. 'விஷியஸ்' கசப்பை நொறுக்குத்தீனி ஆக்கிவிட்டது.

தமிழ்ச் சூழலில்

வாய்ச்சண்டையில் நிலைக்கும் இல்லறம் தமிழ்த் தொலைக்காட்சிக்குப் பழைய சரக்கு. நாகா இயக்கிய 'ரமணி வெர்சஸ் ரமணி' அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து வாசகருக்கு இவ்வகை உறவு இன்னும் எளிதில் விளங்கும். 1995இல் திருச்சியிலிருந்து பிரிந்த பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து அரியலூர் 2001 ஜனவரியில் தனிக்குடித்தனம் போனது, 2002 மார்ச்சில் திரும்பி வந்தது, 2007 நவம்பரில் மறுபடியும் பிரிந்தது. ஃப்ரெடியும் ஸ்டூவர்ட்டும் அந்த அளவுக்குப் போகவில்லை.

இருவரும் ஆண்களாக இருப்பதுதான் இங்கே இன்னும் எழுதப்படாத பகுதி. வெங்கட் பிரபுவின் 'கோவா' (2010) ஓர் ஆண் இணையைக் காட்டியது, அவர்கள் இளைஞர்கள். மலையாளத்தில் 'காதல் – தி கோர்' (2023) நடுவயது மனிதர் ஒருவரை மம்மூட்டி வழியாக முன்வைத்தது. அது நகைச்சுவை இல்லை. சட்டத்தின் பக்கம் பார்த்தால், இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு ஒப்புதலுடன் கூடும் வயதுவந்தோருக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. தன்பால் திருமணத்துக்கு அங்கீகாரம் தர 2023 அக்டோபர் 17 அன்று மறுத்தது. குடும்பம் அமையத் திருமணம் ஒன்றே வழியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் கூறியது. ஆக, பெரம்பலூரில் இரண்டு தாத்தாக்களை வைத்து இப்படியொரு தொடர் எழுத நினைப்பவர் வரவேற்பறைச் சண்டைகள் அத்தனையும் எழுதலாம். கல்யாணப் பத்திரிகையைத்தான் பதிவாளர் அலுவலகத்துக்குக் கொண்டுபோக முடியாது.