அட்டையில் விழுந்த பிழை

ஜக்கார்டு தறியை அறிந்தவர்களுக்கு உயிரணுவின் வேலையைக் காந்திகிராமத்தை ஒட்டிய சின்னாளபட்டியில் ஒரு நெசவு வீட்டுத் திண்ணையிலேயே சொல்லிவிடலாம். நெய்யும்போது இழை அறுந்தால் அந்தச் சேலையோடு போச்சு. அட்டையிலேயே ஓட்டை மாறி விழுந்திருந்தால், அதைக் கொண்டு நெய்கிற சேலை அத்தனையிலும் அதே பிழை வரும்.

உயிரணுவிலும் இந்த இரண்டு பிழைகள் உண்டு. டி.என்.ஏ.தான் அட்டை. அதன் நகலான தூது ஆர்.என்.ஏ.வை ரைபோசோம் மும்மூன்று எழுத்தாக வாசித்து, அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதம் செய்கிறது. அந்த ரைபோசோமின் வடிவத்தைத் துலக்கி 2009இல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். கோக்கும்போது சில ஆயிரத்துக்கு ஒன்று தவறும். அப்படி உருக்குலைந்த புரதத்தைப் பெரும்பாலும் உயிரணுவே இனங்கண்டு சிதைத்துவிடும். ஆனா அட்டையில் விழுந்த பிழை ரைபோசோமுக்குத் தெரியாது. எழுதியிருப்பதை அப்படியே நெய்யும்.

அரிவாள் செல் சோகை இந்த இரண்டாவது ரகம். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். டி.என்.ஏ.யில் ஓர் எழுத்து மாறியதால் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் வந்து உட்காருகிறது. ஆக்சிஜன் குறைந்ததும் சிவப்பணு அரிவாளாய் வளைந்து நுண்குழாய்களை அடைக்கும். எலும்புக்குள் வலி பிடுங்கும்.

இந்த மாற்றத்தை வெர்னான் இங்க்ராம் கேம்பிரிட்ஜில் 1956-57இல் கண்டறிந்தார். அதற்கு முன்பே, 1952இல், நமக்கு வடமேற்கே நீலகிரிப் பழங்குடிகளின் ரத்தத்தில் அரிவாள் அணுக்கள் இருப்பதை லேமனும் கட்புஷ்ஷும் எழுதிவிட்டார்கள். உகாண்டாவில் வேலை பார்த்திருந்த லேமனை ஈர்த்த கேள்வி, இந்த மக்களுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் என்ன உறவு என்பது. ரத்தம் இனமூலத்தின் சாட்சியமாயிற்று. வலியைக் கேட்பதற்கு ஆளில்லை.

1954இல் ஆலிசன் இன்னொன்றைச் சொன்னார்: தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மரபணு வந்தால், அது கடும் மலேரியாவிலிருந்து காக்கிறது. இருவரிடமிருந்தும் வந்தால் நோய். அப்போ எதைப் பிழை என்பது?

2023 ஜூலை 1 அன்று, 2047க்குள் இந்நோயை ஒழிப்பதாக ஒன்றிய அரசு தேசிய இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. பரிசோதித்து, ஒவ்வொருவர் கையிலும் ஓர் அட்டை. பரிசோதனை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அட்டையோடு ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை வர வேண்டும், அவசரத்துக்கு ரத்தம் வேண்டும், எட்டும் தூரத்தில் ஆஸ்பத்திரி வேண்டும். 1990இல் கூடலூரில் தொடங்கிய அஸ்வினி அமைப்பு, ஆதிவாசிகளையே செவிலியராக்கி இப்படியொரு மருத்துவத்தைக் கட்டியிருக்கிறது. இதெல்லாம் இல்லாமல், அட்டை கல்யாணம் பேசும்போது மட்டும் கேட்கப்படுகிற முத்திரையாகிவிட்டால், ஓர் எழுத்தின் பிழையை ஒரு சனத்தின் பிழையாக நாமே எழுதிவிடுவோம். அதைச் சிதைத்துத் திருத்த எந்த உயிரணுவும் வராது.