அகலப்படுத்த முடியாத மைதானம்

1869 நவம்பர் 6 அன்று நியூ ஜெர்சியின் நியூ பிரன்ஸ்விக் ஊரில் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் மாணவர்கள் மோதிக்கொண்டதைத்தான் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் முதல் ஆட்டமாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். பக்கத்துக்கு 25 பேர். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடக் கூடாது. ரட்கர்ஸ் 6–4 என்று வென்றது. இன்றைய ரசிகர் எவரும் அதைத் தன் ஆட்டம் என்று அடையாளம் கண்டிருக்க மாட்டார். 1874-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தார் ஹார்வர்டுக்கு வந்து ரக்பி ஆடிக் காட்டிய பிறகுதான், பந்தை அணைத்துக்கொண்டு ஓடும் ருசி அமெரிக்க மாணவர்களைப் பற்றிக்கொண்டது.

அந்த ரக்பியை வேறொரு விளையாட்டாக மாற்றியவர் யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் கேம்ப். நியூ ஹேவனில் கடிகார நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே பல்லாண்டுகள் விதிக்குழுவில் கோலோச்சியவர். 1880-இல் அணிக்கு 11 பேர் என்று ஆக்கியதும், பந்து எந்த அணியிடம் இருக்கிறது என்பதில் ஐயமே எழாதபடி இரு அணிகளையும் எதிரெதிர் வரிசையில் நிறுத்தியதும் அவர் யோசனைதான். ஆனால் பந்து கையில் இருந்தால் அதை விடவே வேண்டாம் என்ற ஓட்டை அதில் இருந்தது. 1881-இல் பிரின்ஸ்டனும் யேலும் ஆளுக்கொரு பாதி ஆட்டம் முழுக்கப் பந்தைப் பொத்தி வைத்துக்கொண்டு, பார்க்க வந்தவர்களின் பொறுமையைத் தீர்த்தார்கள். அடுத்த ஆண்டே விதி மாறியது: மூன்று முயற்சிகளுக்குள் 5 கஜம் முன்னேற வேண்டும், இல்லையேல் பந்தைக் கொடுத்துவிட வேண்டும்.

ஐந்து கஜத்தை அளப்பது எப்படி? மைதானத்தின் குறுக்கே ஐந்து கஜத்துக்கு ஒன்றாகச் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு கோடும் ஒரு போர்முனை ஆனது.

ஐந்து கஜம்தானே, ஏன் சுற்றி ஓட வேண்டும்? கூட்டமாக முட்டித் தள்ளினால் போதும் என்று பயிற்சியாளர்கள் கண்டுகொண்டார்கள். 1892-இல் யேலுக்கு எதிராக ஹார்வர்டு இறக்கிய ‘பறக்கும் ஆப்பு’ இதன் உச்சம். வீரர்கள் இரு பக்கத்திலிருந்தும் ஓடிவந்து ஆப்பு வடிவில் ஒன்றுகூடி, எதிரணியில் ஒற்றை ஆளைக் குறிவைத்துப் பாய்வார்கள். பந்துக்காரர் உள்ளே பத்திரமாக வருவார். இதை வகுத்த லோரின் டிலேண்ட் ஃபுட்பால் ஆடியவரே அல்ல, சதுரங்க ஆர்வலர். காய்களை நகர்த்துவது போல அவர் நகர்த்தியது தலைக்கவசம்கூடக் கட்டாயமில்லாத இளைஞர்களின் உடல்களை. அதை அபாரமான உத்தி என்று வியந்து எழுதியவர்கள் உண்டு. அந்த வியப்பில் பங்குகொள்ள மனம் வரவில்லை. இரண்டே ஆண்டுகளில், 1894-இல், அதே இரு அணிகள் ஸ்பிரிங்ஃபீல்டில் ஆடிய ஆட்டம் அத்தனை ரத்தம் சிந்தியதால் அடுத்த இரண்டு ஆண்டுகள் அவை சந்திக்கவே இல்லை.

1905-இல் நிலைமை முற்றியது. குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட் அக்டோபரில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் அணிகளின் பொறுப்பாளர்களை வெள்ளை மாளிகைக்கு வரவழைத்துப் பேசினார். அவருடைய மகனே அப்போது ஹார்வர்டின் முதலாண்டு அணியில் ஆடிக்கொண்டிருந்தான். பேச்சுக்குப் பலன் இல்லை. அந்தப் பருவத்தில் நாடெங்கும் குறைந்தது 18 பேர் ஆட்டத்தில் பட்ட காயங்களால் இறந்தார்கள். பெரும்பாலோர் பள்ளிப் பையன்கள். கொலம்பியா பல்கலைக்கழகம் ஃபுட்பாலையே கைவிட்டது. மேற்குக் கரையில் ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் ரக்பிக்குத் திரும்பின. டிசம்பரில் நியூயார்க்கில் கூடிய அறுபதுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் தொடங்கிய சங்கம்தான் பின்னாளில் கல்லூரி விளையாட்டுகளை நெறிப்படுத்தும் என்.சி.ஏ.ஏ. ஆனது.

நெரிசலைக் குறைக்க எளிய வழி மைதானத்தை அகலமாக்குவது. ஆள் பரவினால் முட்டல் குறையும். அந்த யோசனை ஒரு சுவரில் மோதி நின்றது. பாஸ்டனில், சார்ல்ஸ் ஆற்றை ஒட்டிய சோல்ஜர்ஸ் ஃபீல்டில், 1903-இல்தான் ஹார்வர்டு தன் கான்கிரீட் அரங்கத்தைக் கட்டி முடித்திருந்தது. குதிரைலாட வடிவில் மைதானத்தை நெருக்கி எழுந்த படிக்கட்டுகள் அவை. மர இருக்கைகள் என்றால் பிரித்துத் தள்ளிப் போடலாம், கான்கிரீட்டை என்ன செய்வது? ஆகவே அகலம் 53 கஜத்தைச் சற்றே தாண்டிய பழைய அளவிலேயே நின்றது. பக்கவாட்டில் இடம் கிடைக்காத ஆட்டத்துக்கு மேலே இடம் தேடினார்கள்: 1906 முதல் பந்தைக் கையால் முன்னோக்கி வீசலாம். கேம்புக்கு இதில் விருப்பமில்லை. முன்னேற வேண்டிய தூரமும் பத்து கஜமாக உயர்ந்தது.

வீசுவதற்கும் கெடுபிடிகள் இருந்தன. பந்து புறப்பட்ட இடத்திலிருந்து பக்கவாட்டில் ஐந்து கஜமாவது தள்ளித்தான் வீச்சு, அணிகள் எதிரெதிரே நிற்கும் கோட்டைக் கடக்க வேண்டும். அதைக் கண்காணிக்க நெடுக்கிலும் கோடு போட்டதால், சில ஆண்டுகள் மைதானங்கள் சதுரங்கப் பலகைகளாகவே கிடந்தன. யார் கையிலும் படாமல் பந்து தரையில் விழுந்தால் அது எதிரணிக்குப் போய்விடும். பெரிய கல்லூரிகள் தயங்கின.

தயங்காத அணி ஒன்று பென்சில்வேனியாவில் இருந்தது. கார்லைல் என்ற ஊரில், ராணுவக் குடியிருப்பு ஒன்றில், 1879-இல் தொடங்கிய அரசுப் பள்ளி அது. பூர்வகுடிப் பிள்ளைகளின் முடியை வெட்டி, தாய்மொழியைத் தடுத்து, வெள்ளையராக்குவதே அதன் நோக்கம். அந்தப் பிள்ளைகள் எதிரணிகளைவிட எடை குறைந்தவர்கள். முட்டும் ஆட்டம் அவர்களுக்கு உதவாது, வேகமும் வீச்சும் உதவும். 1907-இல் பாப் வார்னர் பயிற்சியில் அவர்கள் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தை ஃபிராங்க்ளின் ஃபீல்டில் 26–6 என்று வீழ்த்தினார்கள். பீட் ஹவுசர் சுழலவிட்டு வீசிய நீண்ட வீச்சு அன்று பேசுபொருளானது. வார்னரின் பெயர் பிற்காலத்தில் பெரிதாக ஒலித்தது. ஆனால் பழைய ஆட்டக்காரர்கள் தொடத் தயங்கிய வீச்சைக் கலையாக்கியவை அந்தப் பையன்களின் கைகள்.

அதே பருவத்தில் சிகாகோவில், புகழ்பெற்ற பயிற்சியாளர் அலோன்சோ ஸ்டாக்கின் அணிக்கு எதிராக ஒரு காரியம் நடந்ததாக வார்னர் சொல்லியிருக்கிறார். கார்லைலின் ஆல்பர்ட் எக்ஸன்டைன் எங்கு ஓடினாலும் மறித்துத் தள்ளுவது சிகாகோவின் திட்டம். அவர் எல்லைக்கோட்டுக்கு வெளியே ஓடி, சிகாகோவின் பெஞ்சுக்குப் பின்னால் சுற்றி, மீண்டும் உள்ளே வந்து ஹவுசரின் வீச்சைத் தனியாளாகப் பிடித்தார். கார்லைல் 18–4 என்று வென்றது.

1912-இல் மைதானத்தின் நீளம் 110 கஜத்திலிருந்து 100 ஆனது. இரு கோடிகளிலும் பத்துப் பத்துக் கஜம் ஒதுக்கி, அங்கேயும் வீச்சைப் பிடிக்கலாம் என்றார்கள். அந்த நவம்பரில் நட்சத்திர வீரர் ஜிம் தோர்ப் ஆடிய கார்லைல், வெஸ்ட் பாயின்டில் ராணுவக் கல்லூரியின் அணியை அதன் சொந்த மண்ணிலேயே 27–6 என்று வென்றது. தோற்ற அணியில் பின்னாளில் குடியரசுத் தலைவரான டுவைட் ஐசன்ஹோவரும் இருந்தார். கார்லைல் பையன்களின் தந்தையரையும் பாட்டன்மாரையும் இதே ராணுவம் துரத்திய காலம் அப்படியொன்றும் பழையதல்ல. பள்ளி 1918-இல் மூடப்பட்டு, வளாகம் ராணுவத்திடமே திரும்பிப் போனது.