எலும்பு பொறுக்கிய மாணவனும் அம்மாவின் முழங்காலும்



லாச்சப்பலுக்குச் சாமான் வாங்க வருகின்ற எம்மவர்களில் ரூ லூயி-பிளாங்கை மிதிக்காமல் போனவர்கள் குறைவு. அந்தத் தெருவுக்குப் பெயர் தந்த லூயி பிளாங்கும் எங்களைப் போல ஓர் அகதியாக வாழ்ந்தவர்தான். 1848ஆம் ஆண்டின் புரட்சி அரசில் இடம்பெற்றிருந்த அவர், அதே ஆண்டில் இங்கிலாந்துக்குத் தப்பியோடி, 1870இல்தான் நாடு திரும்பினார். ஆனால் இன்று நான் பேச வந்தது அவரைப் பற்றியல்ல. எங்களுடைய முழங்கால்களைப் பற்றி.

அந்தத் தெருவில் நாலாம் மாடியில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நாங்கள் இருக்கிறோம். ஒரு மாரிகாலத்தில் அம்மாவுக்கு முழங்கால் நோவு கூடிவிட்டது. வைத்தியரிடம் கூட்டிப்போனேன். அவர் எக்ஸ்ரே படத்தைக் காட்டி 'உசூர்' என்றார். நான் யோசிக்காமல் மொழிபெயர்த்தேன்: "தேய்ஞ்சு போச்சாம் அம்மா."

அன்றிலிருந்து அம்மா படி இறங்கவில்லை. கேட்டால், "தேய்ஞ்ச செருப்பைப் போட்டு நடந்தால் இன்னும் தேயும்தானே மோனை?" என்பா. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஐந்து மாதம் கழித்துப் பார்த்த வைத்தியர் திகைத்துப் போனார். முழங்காலைத் தாங்க வேண்டிய தொடைத் தசைகள் மெலிந்துவிட்டன. "ஏன் நடக்கவில்லை?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சொல் அவருடையது, செருப்பாக மாற்றியது நான். மூட்டு என்றால் என்ன என்று அதன் பிறகுதான் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அந்தத் தேடல் என்னைத் திரும்பவும் எங்கள் தெருவுக்கே கொண்டுவந்து விட்டது.

ரூ லூயி-பிளாங்கால் கால்வாயைக் கடந்து கேர்ணல் ஃபாபியன் சதுக்கம் வரை நடந்து பாருங்கள். அதற்குப் பக்கத்தில்தான் அந்தக் காலத்தில் மொன்ஃபோக்கோன் தூக்குமேடை இருந்தது. அரசனின் ஆணையால் தூக்கிலிடப்பட்டவர்களின் உடல்கள் உக்கி விழும்வரை அங்கே தொங்கின. 1533 முதல் 1536 வரை பரிசில் மருத்துவம் படித்த அந்திரேயாஸ் வெசாலியுஸ் என்ற பிரசெல்ஸ் இளைஞன் எலும்பு தேடி அங்கே போனான். பிணம் தின்னும் நாய்கள் அவன்மேல் பாய வந்ததை அவனே பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறான். நகரத்து இனொசான் இடுகாட்டிலும் எலும்புகளைப் பொறுக்கினான். கண்ணைக் கட்டிக்கொண்டு, கையில் தருகின்ற எலும்பு எதுவென்று தடவிப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று நண்பர்களோடு பந்தயமும் பிடித்தான்.

ஏன் இந்தப் பாடு? அக்காலத்தில் மருத்துவம் படிப்பதென்றால் 1300 ஆண்டுகளுக்கு முந்திய கலேன் என்ற கிரேக்க வைத்தியரின் நூல்களைப் படிப்பதுதான். கலேனோ பெரும்பாலும் விலங்குகளை அறுத்துப் பார்த்து எழுதியவர். மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று அவர் எழுதியிருந்தார். நாயின் தாடை அப்படித்தான், முன்பக்கத்தில் ஒரு மூட்டு உண்டு. வளர்ந்த மனிதனுக்கு அது ஒரே எலும்பு. எலும்பைக் கையிலெடுத்துப் பார்த்தவனுக்கு இது விளங்கியது. பிரான்சுக்கும் பேரரசர் ஐந்தாம் சார்ல்சுக்கும் போர் மூண்டபோது, பேரரசரின் குடிமகனான வெசாலியுஸ் 1536இல் படிப்பை இடையில் விட்டுப் பரிசைவிட்டு வெளியேற நேர்ந்தது. போரால் படிப்பு குழம்பிய கதை எங்களுக்குப் புதிதா? 1543இல் பாசல் நகரில் அவரது உடலமைப்பு நூல் அச்சானது. அதன் முதற் பகுதியே எலும்புகளும் குருத்தெலும்புகளும்தான். அப்போது அவருக்கு வயது 28.

சரி, மூட்டுக்கு வருவோம். எலும்பும் எலும்பும் சந்திக்கும் இடம் மூட்டு. எல்லா மூட்டும் அசைவதில்லை. மண்டையோட்டு எலும்புகள் தையல் போட்டதுபோல் இறுகிக் கிடக்கின்றன. அசையும் மூட்டுகளை எங்கள் ஊர் வீட்டிலேயே காணலாம். முழங்கை கதவுப் பிணைச்சல் போல மடங்கி விரியும். இடுப்பு மூட்டு ஆட்டுக்கல்லின் குழியில் குழவி சுழல்வது போல. கழுத்தின் முதல் எலும்பு இரண்டாவதன் முளையைச் சுற்றித் திரும்புவது, திருகைக் கல்லின் முளையைச் சுற்றி மேற்கல் திரும்புவது போல. "இல்லை" என்று தலையாட்டும்போது நடப்பது அதுதான்.

முழங்கால்தான் உடலின் மிகப் பெரிய மூட்டு. தொடையெலும்பின் உருண்ட இரு முனைகளும் கீழெலும்பின் தட்டையான தலையில் உருள்கின்றன. இடையில் பிறைவடிவான இரண்டு மெத்தைகள். எலும்பு முனைகளில் வழுவழுப்பான குருத்தெலும்பு. சுற்றிலும் முட்டை வெள்ளைக்கரு போன்ற திரவம். இனி, எனக்குத் தெரியாமற்போன விடயத்தைக் கேளுங்கள். குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் இல்லை. அதற்கு உணவு பெரும்பாலும் அந்தத் திரவத்திலிருந்தே வருகிறது. காலை ஊன்றும்போது அமுங்கியும் எடுக்கும்போது தளர்ந்தும், பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவது போல அது உணவைப் பெறுகிறது. தேய்ந்த குருத்தெலும்பு பழையபடி வளராது என்பது உண்மை. ஆனால் அசையாமல் வைத்திருந்தால் இருப்பதும் பட்டினி கிடக்கும். செருப்புக்கு உயிரில்லை, முழங்காலுக்கு உண்டு.

இதையெல்லாம் அம்மாவுக்குத் தமிழில் எப்படிச் சொல்வது என்று திணறியபோது எனக்கு மானிப்பாய் நினைவு வந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், 1864 முதல் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். இலண்டனில் 1858இல் வெளிவந்த கிறேயின் உடற்கூற்று நூலைத் தழுவிய 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல் வெளியாயிற்று. நோயாளியின் மொழியில் படித்த வைத்தியன்தான் அவனோடு ஊரிலேயே தங்குவான் என்று அவர் நம்பினார். இன்று பரிசில் எங்கள் பெற்றோருக்கும் வைத்தியருக்கும் நடுவே நிற்பவர்கள் நாங்களும் எங்கள் பிள்ளைகளும்தான். பன்னிரண்டு வயதுப் பிள்ளை பாட்டியின் நோவை மொழிபெயர்க்கின்ற வீடுகள் எத்தனை! பிரெஞ்சுச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல்லை வைத்தால் மட்டும் போதாது. அந்தச் சொல்லைக் கேட்ட மனுசி நாளைக்கு என்ன செய்வா என்றும் வைத்தியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். "நடக்கலாமா? எவ்வளவு?" என்ற இரண்டு கேள்விகளை நான் அன்றைக்குக் கேட்டிருந்தால் ஐந்து மாதம் வீணாகியிருக்காது. ஒவ்வொருவர் மூட்டும் ஒவ்வொரு மாதிரி. உங்களுடையதை உங்கள் வைத்தியரிடமே கேளுங்கள்.

அம்மாவுக்கு ஆட்டுக்கல்லையும் பஞ்சையும் சொல்லி விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே" என்றா. இப்போது தசைப் பயிற்சி செய்கிறா. பின்னேரங்களில் என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லக் கால்வாய் வரை வருகிறா. வாங்கிலில் இருந்து தண்ணீரைப் பார்க்கிறா. அதற்கு அங்காலே மொன்ஃபோக்கோன் இருந்தது என்று மட்டும் நான் இன்னும் சொல்லவில்லை.