பாலர் நாடக சபைகளில் வாத்தியார்: சங்கரதாஸ் சுவாமிகளின் ஆசிரியப் பணியை முன்வைத்து

'நாடகாசிரியர்' என்னும் சொல் இன்று நாடகத்தை எழுதியவரையே குறிக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், தொழில்முறை நாடக சபைகளில், அச்சொல்லின் பொருள் இதனினும் விரிந்தது. சபையில் நாடகாசிரியர் என்பவர் முதன்மையாகக் கற்றுக்கொடுப்பவர். நடிகர்களின் வாய்மொழியில் 'வாத்தியார்'. எழுதுவதும் அவர் பணியே எனினும் அது கற்பித்தலின் ஒரு கூறாகவே அமைந்தது. சொற்பொருளில் நேர்ந்த இச்சுருக்கம் நாடக வரலாற்றெழுத்திலும் நேர்ந்துள்ளது எனலாம். தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளைப் (1867–1922) பற்றி எழுதுவோர் அவருடைய நாடகங்களின் எண்ணிக்கையில் காட்டும் அக்கறையை, அவர் நாள்தோறும் செய்த வேலையில் காட்டுவதில்லை. அவ்வேலையின் தன்மையையே இக்கட்டுரை ஆராய்கிறது.

பல ஆசிரியர் செய்த பணி ஒருவரிடம்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஆடலாசிரியன், இசையாசிரியன், நன்னூற்புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் எனத் தனித்தனியே இலக்கணம் கூறுகிறது. மாதவி ஒருத்தியை உருவாக்க அத்தனை பேர் தேவைப்பட்டனர். நாடக சபையின் வாத்தியாரோ பாட்டு இயற்றி, மெட்டமைத்து, வசனம் எழுதி, நடிப்பையும் சொல்லிக்கொடுத்தார். பக்கவாத்தியக்காரர்கள் தனியே இருந்தாலும் தாளப் பிழையைத் திருத்தும் பொறுப்பும் பெரும்பாலும் அவரையே சார்ந்தது. சுவாமிகள் புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளையிடம் தாள நுணுக்கங்களைப் பயின்றதை இப்பின்னணியில் காண வேண்டும். அது புலமைக்கு அணி சேர்த்ததோடு தொழிலுக்கும் இன்றியமையாததாக இருந்தது.

தூத்துக்குடிப் பகுதியில் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சுவாமிகள், உப்புப் பண்டகசாலையில் கணக்கராக இருந்து, 24ஆம் வயதில் நாடகத்துறைக்கு வந்தார். எமன், இராவணன், இரணியன், சனீசுவரன் ஆகிய வேடங்கள் அவருக்குப் பெயர் தந்தன. சனீசுவரன் வேடத்தைக் கலைக்க விடியற்காலையில் நீர்நிலைக்குச் சென்ற அவரைக் கண்டு கருவுற்ற பெண் ஒருத்தி அஞ்சி உயிர்விட்டாள் என்றும், அதனால் அவர் நடிப்பைத் துறந்தார் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது. நிகழ்ச்சியின் மெய்ம்மையைக் காட்டிலும் அது திரும்பத் திரும்பச் சொல்லப்படும் முறை கவனத்திற்குரியது. ஆசிரியப் பணிக்கு வந்தது ஒரு துறவாகவே அதில் காட்டப்படுகிறது. அது பிழைப்புக்கான தொழிலும் ஆகும் என்பது இக்கதையில் மறைந்துவிடுகிறது.

பெரியவர்களிடமிருந்து சிறுவர்களிடம்

பெரியவர்கள் நடித்த சபைகளில் ஒழுங்கு நிலைக்கவில்லை என்பதும், அதனாலேயே சுவாமிகள் பாலர் சபைகளின் பக்கம் திரும்பினார் என்பதும் அவருடைய மாணவர் மரபு தரும் விளக்கம். 1910இல் அவர் தொடங்கிய சமரச சன்மார்க்க நாடக சபையில் எஸ். ஜி. கிட்டப்பா பயிற்சி பெற்றார். 1918இல் மதுரையில் தோன்றிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சுவாமிகள் ஆசிரியரானார். ஆறு வயதுச் சிறுவனாக அங்குச் சேர்ந்த தி. க. சண்முகம் பிற்காலத்தில் எழுதிய 'எனது நாடக வாழ்க்கை' இவ்வாய்வுக்கு முதன்மையான சான்று. எனினும் அது நன்றியுள்ள மாணவர் பல பத்தாண்டுகள் கழித்து எழுதியது என்பதை மறந்துவிடலாகாது.

சபையில் ஒரு வேடத்துக்குரிய பாட்டும் வசனமும் 'பாடம்' எனப்பட்டன. வாத்தியார் பாடம் கொடுப்பார். சிறுவர் கேட்டுச் சொல்லி நெட்டுருச் செய்வர். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் இரவு நெடுநேரம் நடக்கும் நாடகத்தில் கடைசி வரிசைக்கும் எட்டும்படி உச்சசுருதியில் பாட வேண்டியிருந்தது. எனவே ஆசிரியரின் அன்றாடக் கவலை பிரதியைவிடக் குரலைப் பற்றியதே. பெண் வேடங்களையும் சிறுவரே ஏற்றமையால் மகரக்கட்டு வருங்காலம் பெரும் இடராயிற்று. பல மாதப் பயிற்சியால் உருவான இராசபார்ட்டோ ஸ்திரீபார்ட்டோ சில வாரங்களில் கையை விட்டுப் போகும். அவ்விடத்திற்கு வேறொரு சிறுவனைத் தேடி, முதலிலிருந்து பாடம் கொடுக்க வேண்டும். குரல் உடைந்த சிறுவனுக்கு என்ன செய்வது என்பதற்குச் சபைகளிடம் முறையான விடை இருந்ததாகத் தெரியவில்லை.

'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது சண்முகம் தரும் செய்தி. இதனை அருட்கவி ஆற்றலுக்குச் சான்றாகவே பலரும் எடுத்தாள்வர். ஆனால் அந்நாடகம் சிறுவன் சண்முகத்தை அபிமன்யுவாக நடிக்கவைக்கும் நோக்கத்தில் எழுதப்பட்டது. யாருடைய குரல் எந்த அளவு தாங்கும், யாருடைய நாவில் எவ்வகை வசனம் நிற்கும் என்பதை நாள்தோறும் பாடம் கொடுத்து அறிந்தவரால் மட்டுமே அவ்விரைவில் எழுத இயலும். அந்த ஓர் இரவுக்குப் பின்னால் பல மாத வகுப்புகள் உள்ளன.

சிறுவர் சபைகளில் ஒழுங்கு எளிதாயிற்று என்பதன் மறுபுறத்தையும் சொல்ல வேண்டும். பெரிய நடிகர் வாத்தியாருடன் முரண்பட்டால் வேறு சபைக்குப் போவார். வீட்டைப் பிரிந்து, சபையிலேயே உண்டு உறங்கிய சிறுவனுக்கு அவ்வழி இல்லை. கண்டிப்பும் அடியும் பாலர் சபைகளின் அன்றாடம் என்பதை நடிகர்களின் நினைவுநூல்கள் மறைக்கவில்லை. பின்னாளில் அதனைப் பெருமையோடு நினைவுகூர்ந்தவர்களும் உண்டு. ஆனால் நினைவுநூல் எழுதும் அளவுக்கு உயர்ந்தவர்கள் மிகச் சிலரே. மற்றவர்களின் அனுபவம் எழுத்தில் இல்லை.

பிந்தைய வாத்தியார்கள்

தி. க. ச. சகோதரர்கள் 1925இல் தொடங்கிய மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபைக்குப் பின்னர் ஆசிரியராக வந்தவர் எம். கந்தசாமி முதலியார். ஜே. ஆர். ரங்கராஜுவின் நாவல்களை மேடைக்குக் கொணர்ந்த அவரிடம் பாடத்தின் இயல்பே மாறியது. பாட்டைவிட உரையாடலின் ஏற்ற இறக்கம் முதன்மை பெற்றது. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் காளி என். ரத்தினம் நடிகராகவும் ஆசிரியராகவும் விளங்கினார், எம். ஜி. ஆர். அவரிடம் பயின்றவர். பேசும்படம் வந்தபின் இம்மாணவர்களும் ஆசிரியர்களும் திரைப்படத்துக்குச் சென்றனர்.

சுவாமிகள் அம்மாற்றத்தைக் காணவில்லை. இறுதிக் காலத்தில் பக்கவாதம் அவரைத் தாக்கிப் பேச்சைப் பறித்தது. வாய்மொழியாகவே பாடம் கொடுத்தவர் சொல்லிழந்து, ஊர் ஊராகச் சென்ற சபையுடனே சென்றார். அவரிடம் பயின்ற சிறுவர்கள் அவர் முன்னிலையில் தொடர்ந்து நடித்தனர். 1922 நவம்பர் 13 அன்று சபை புதுச்சேரியில் இருந்தபோது காலமானார். கருவடிக்குப்பத்தில் உள்ள அவர் சமாதியில் நாடகக் கலைஞர்கள் குருபூசை நடத்துகின்றனர். புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்கும் அவர் பெயரே இடப்பட்டது.